காலத்தை அளந்த தச்சர்

நுழையும்முன்

ஒரு கைத்தொழில் நிலைபெற, அதில் தேர்ந்த ஒருவர் இருந்தால் மட்டும் போதாது. அவர் கையில் உள்ள திறம் பிறர் கைக்கும் சென்று சேர வேண்டும். கற்றுக்கொடுப்பது எளிதா, கற்றதைச் சொல்லில் வடிக்க இயலுமா, தேவை குறைந்துவிட்ட தொழிலை இன்றும் கற்க வேண்டுமா என்பன இக்காலத்தும் எழும் வினாக்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் கடலோடிகளுக்கு வழிகாட்டும் கடிகாரத்தை உருவாக்கிய ஜான் ஹாரிசனின் வாழ்க்கை இவ்வினாக்களைச் சந்தித்த வாழ்க்கையாகும்.

கடிகாரமும் இடமும்

தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி மலையில் நிற்கும் ஒருவர், கதிரவன் உச்சிக்கு வரும் நேரத்தைத் தம் கைக்கடிகாரத்தில் பார்த்தால், ஆண்டுச் சராசரியாக அது நண்பகல் 12 மணியைக் கடந்து ஏறத்தாழ 16 நிமிடங்களாக இருக்கும். இது கடிகாரத்தின் பிழையன்று. இந்தியாவின் கடிகாரங்கள் அனைத்தும் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கக்கோட்டின் நேரத்தைக் காட்டுகின்றன. சித்தேரியோ அதற்கு ஏறத்தாழ 4 பாகை மேற்கே அமைந்துள்ளது. புவி ஒரு பாகை சுழல 4 நிமிடங்கள் ஆகின்றன. ஆதலால் அங்குக் கதிரவன் 16 நிமிடங்கள் தாழ்ந்து உச்சியை அடைகிறது.

இந்த எளிய கணக்கே கடற்பயணத்தின் அடிப்படை. நடுக்கடலில் உள்ள மாலுமி, கதிரவன் உச்சிக்கு வருவதைக் கண்டு தாம் இருக்கும் இடத்தின் நண்பகலை அறிந்துகொள்ளலாம். அதே நொடியில் தாம் புறப்பட்ட துறைமுகத்தில் என்ன நேரம் என்பதும் தெரிந்தால், இரண்டு நேரங்களின் வேறுபாட்டைக்கொண்டு கிழக்கு மேற்காக எவ்வளவு தொலைவு வந்துள்ளார் என்று கணக்கிட்டுவிடலாம். இதற்குத் துறைமுக நேரத்தைப் பிழையின்றிச் சுமந்துவரும் கடிகாரம் ஒன்று தேவை. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அத்தகைய கடிகாரம் உலகில் எங்கும் இல்லை. அக்கால ஊசல் கடிகாரங்கள் கப்பலின் ஆட்டத்தில் நின்றுபோயின. வெப்பத்தில் உலோகம் நீண்டது, குளிரில் சுருங்கியது, மசகெண்ணெய் இறுகியது.

இருக்கும் இடம் அறியாத கப்பல்கள் பாறைகளில் மோதின. 1707ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் சில்லித் தீவுகளுக்கு அருகே நான்கு போர்க்கப்பல்கள் மூழ்கி, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 1714இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. கடலில் தீர்க்கக்கோட்டை அரைப் பாகைக்குள் துல்லியமாக அறியும் வழியைக் கண்டறிபவருக்கு 20,000 பவுண்டு பரிசு வழங்கப்படும் என்றும், அதனை ஆராய்ந்து முடிவுசெய்யக் குழு ஒன்று அமைக்கப்படும் என்றும் அச்சட்டம் கூறியது. மேற்கிந்தியத் தீவுகள்வரை ஆறு வாரம் செல்லும் பயணத்தில், கடிகாரம் நாளொன்றுக்கு மூன்று நொடிகளுக்குமேல் பிழைபட்டால் இந்த எல்லையை எட்ட இயலாது. அக்காலத்தின் சிறந்த பைக்கடிகாரமும் நாளொன்றுக்கு அதனினும் பன்மடங்கு பிழைபட்டு வந்தது.

மரத்தில் பிறந்த கடிகாரங்கள்

ஜான் ஹாரிசன் 1693இல் யார்க்‌ஷயரில் உள்ள ஃபவுல்பி என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை ஒரு தச்சர். குடும்பம் பின்னர் லிங்கன்ஷயரில் உள்ள பாரோ என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தது. ஹாரிசன் தந்தையிடமே தச்சுத்தொழிலைக் கற்றார். இலண்டனில் 1631 முதல் கடிகாரத் தொழிலாளர் சங்கம் இயங்கிவந்தது. அங்கு இளைஞர்கள் ஆசானிடம் பல ஆண்டுகள் தங்கித் தொழில் பழகினர். ஹாரிசனுக்கு அத்தகைய ஆசான் எவரும் வாய்க்கவில்லை. இயற்பியல் சொற்பொழிவுகளின் கையெழுத்துப் படி ஒன்றை ஊர்ப்பக்கம் வந்த சமயகுரு ஒருவர் இரவலாகக் கொடுக்க, அதனை முழுவதும் தம் கையால் படியெடுத்துப் பயின்றார்.

தம் இருபதாம் வயதில், 1713இல், முதல் ஊசல் கடிகாரத்தைச் செய்தார். அதன் சக்கரங்களும் கருவாலி மரத்தால் ஆனவை. மரத்தின் ஓட்டம் அறிந்த தச்சர் என்பதால், சக்கரத்தின் ஒவ்வொரு பல்லும் மரநாரின் போக்கிலேயே அமையுமாறு துண்டுகளைப் பொருத்தினார். 1722ஆம் ஆண்டளவில் பிராக்ல்ஸ்பி பார்க் என்னும் மாளிகைக்கு ஒரு கோபுரக் கடிகாரம் அமைத்தார். அதன் சுழலும் பகுதிகளுக்குத் தம்முள்ளேயே எண்ணெய்ப்பசை கொண்ட லிக்னம் வைட்டே என்னும் மரத்தைப் பயன்படுத்தினார். ஆதலால் அக்கடிகாரத்திற்கு மசகெண்ணெய் தேவைப்படவில்லை. அது முந்நூறு ஆண்டுகளாகத் தொண்டாற்றி வருகிறது.

தம்பி ஜேம்சும் அவருடன் சேர்ந்து உழைத்தார். பித்தளைக் கம்பிகளையும் எஃகுக் கம்பிகளையும் இணைத்து, ஒன்றின் நீட்சியை மற்றொன்று சமன்செய்யும் ஊசலை ஹாரிசன் உருவாக்கினார். வெயிலிலும் குளிரிலும் அதன் நீளம் மாறவில்லை. சகோதரர்களின் கடிகாரங்கள் மாதம் ஒரு நொடி அளவே பிழைபட்டன. விண்மீன் ஒன்று அண்டைவீட்டுப் புகைபோக்கியின் விளிம்பில் மறையும் நேரத்தை இரவுதோறும் குறித்து அவர்கள் அந்தத் துல்லியத்தைச் சரிபார்த்தனர்.

முப்பது ஆண்டு உழைப்பு

1730இல் ஹாரிசன் கடற்கடிகாரத்திற்கான வரைபடங்களுடன் இலண்டன் சென்றார். அரசு வானியலாளர் எட்மண்ட் ஹாலி அவரைக் கடிகாரக் கலைஞர் ஜார்ஜ் கிரஹாமிடம் அனுப்பினார். அறிமுகமற்ற நாட்டுப்புறத் தச்சரின் பேச்சைக் கிரஹாம் பொறுமையுடன் கேட்டார். அதன் தகுதி உணர்ந்து, கருவி செய்யக் கடனும் கொடுத்து ஊக்கினார். தொழில்மறை என்று எதையும் பூட்டிவைக்காத பெருந்தன்மை அவரிடம் இருந்தது.

ஐந்தாண்டு உழைப்பில் முதற் கடற்கடிகாரம் உருவாயிற்று. அதில் ஊசலுக்கு மாற்றாக, ஒன்றோடொன்று இணைந்து எதிரெதிராக அசையும் இரண்டு கோல்கள் இருந்தன. கப்பலின் ஆட்டம் ஒன்றை முடுக்கினால் மற்றொன்றைத் தளர்த்தியது. 1736இல் லிஸ்பன் பயணத்தில் அது சோதிக்கப்பட்டது. திரும்பும் வழியில் தென்பட்ட கரை எதுவென்று கப்பல் தலைவர் தவறாகக் கருதியபோது, ஹாரிசன் தம் கடிகாரத்தைக்கொண்டு சரியான இடத்தைக் கூறினார். அப்போதே பரிசைக் கேட்டிருக்கலாம். அவரோ அக்கருவியில் குறைகள் இருப்பதாகத் தாமே குழுவினரிடம் கூறி, மேலும் சிறந்ததைச் செய்யச் சிறு தொகை மட்டும் கேட்டார்.

இரண்டாம் கடிகாரம் 1739இல் முடிந்தது. மூன்றாவது 19 ஆண்டுகளை விழுங்கியது. அதற்கெனக் கண்டறிந்த ஈருலோகப் பட்டையும் கூண்டுருளைத் தாங்கியும் பிற்கால இயந்திரங்கள் பலவற்றில் இடம்பெற்றன. ஆயினும் அக்கடிகாரம் அவர் விரும்பிய துல்லியத்தை அடையவில்லை. இதற்கிடையில் சிறிய பைக்கடிகாரம் ஒன்றை மற்றொரு கலைஞரைக்கொண்டு தமக்கெனச் செய்வித்தபோது, விரைந்து அசையும் சிறு சக்கரமே கப்பலின் ஆட்டத்தை நன்கு தாங்கும் என்று உணர்ந்தார். அறுபது வயதை எட்டிய நிலையில், அதுவரை பின்பற்றிய வழியை விட்டுப் புதுவழியில் நடந்தார். 1759இல் நான்காம் கடிகாரம் நிறைவுற்றது. 13 சென்டிமீட்டர் விட்டமும் ஒன்றரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைந்த எடையும் கொண்ட அது, நொடிக்கு ஐந்து முறை ஒலித்தது.

1761 நவம்பரில் அவர் மகன் வில்லியம் அக்கடிகாரத்துடன் ஜமைக்காவிற்குக் கப்பலேறினார். 81 நாள்களுக்குப் பின் அதன் பிழை ஏறத்தாழ 5 நொடிகளே. குழுவினர் இதனைத் தற்செயல் என ஐயுற்றனர். 1764இல் பார்படோஸ் தீவிற்கு மீண்டும் ஒரு பயணம் ஏற்பாடாயிற்று. 47 நாள்களில் 39 நொடிகள் பிழை. தொலைவாகக் கணக்கிட்டால் பத்து மைலுக்குள் அடங்கியது. சட்டம் கேட்டதைவிட இது மும்மடங்கு துல்லியம்.

கற்பிக்க இயலுமா என்னும் வினா

இந்நிலையில் குழுவினர் புதியதொரு வினாவை எழுப்பினர். ஒரே ஒரு கடிகாரம் நன்கு இயங்கியது உண்மையே. ஆனால் நாட்டின் கப்பல்களோ நூற்றுக்கணக்கானவை. முதியவர் ஒருவர் மட்டுமே செய்யக்கூடிய கருவியால் கடலோடிகளுக்கு என்ன பயன்? 1765இல் புதிய சட்டம் வந்தது. கடிகாரத்தின் உட்பகுதி அனைத்தையும் பிரித்துக்காட்டி விளக்கினால் பரிசின் முதற்பாதி கிடைக்கும். பிற தொழிலாளர்களும் அதுபோலச் செய்ய இயலும் என்று உறுதியான பின்னரே மறுபாதி கிடைக்கும் என்று அது வரையறுத்தது.

ஹாரிசனுக்கு இது அநீதியாகத் தோன்றியது. பந்தயம் முடிந்தபின் விதியை மாற்றுவது எவ்வகையில் முறை என்று அவர் சினந்தார். அவர் சினத்தில் நியாயம் இருந்தது. குழுவில் இருந்த வானியலாளர் நெவில் மாஸ்கலின், நிலவுக்கும் விண்மீன்களுக்கும் இடையேயுள்ள தொலைவை அளந்து இடமறியும் முறையை ஆதரித்தவர். ஆகவே அவருடைய நடுநிலையை ஹாரிசன் நம்பவில்லை. எனினும் குழுவினரின் வினாவிலும் பொருள் இருந்தது. பொதுமக்களின் பணம், பொதுவில் பயன்படும் அறிவுக்கே உரியது. தனிமனிதரின் உரிமையும் சமுதாயத்தின் தேவையும் இங்கு எதிரெதிராக நின்றன.

இறுதியில் ஹாரிசன் இசைந்தார். 1765 ஆகஸ்டில் இலண்டனில் தம் இல்லத்தில், கடிகாரக் கலைஞர்களும் அறிஞர்களும் அடங்கிய அறுவர் முன்னிலையில், மாஸ்கலினும் உடனிருக்க, நான்காம் கடிகாரத்தைப் பிரித்து ஒவ்வோர் உறுப்பாகக் காட்டி விளக்கினார். அதன் வரைபடங்களும் விளக்கமும் 1767இல் நூலாக அச்சிடப்பட்டன.

அந்நூலைக் கையில் வைத்துக்கொண்டு எவரும் அக்கடிகாரத்தைச் செய்துவிட இயலவில்லை. ஹாரிசனின் கைக்குத் தெரிந்தவை பல அவருடைய எழுதுகோலுக்கு வசப்படவில்லை. அவர் எழுதிய வாக்கியங்கள் நீண்டு சிக்கலுற்றிருந்தன. சுருள்வில்லை எவ்வளவு பதப்படுத்த வேண்டும், மணிக்கல்லை எந்த அளவு மெருகிட வேண்டும், சக்கரம் தடையின்றிச் சுழல்வதை விரல்நுனியால் எவ்வாறு உணர வேண்டும் என்பனவற்றை வரைபடம் முழுமையாகச் சொல்லாது. கைத்தொழிலின் அறிவு, பாதி சொல்லிலும் பாதி பழக்கத்திலும் தங்கியிருப்பது. பழக்கத்தில் தங்கிய பாதியை அருகிருந்து கண்டும் செய்தும் பிழைத்துத் திருத்தியுமே பெற முடியும்.

கெண்டலின் கையில் வந்த கலை

ஹாரிசன் கடிகாரத்தைப் பிரித்துக் காட்டிய நாள்களில் அருகிருந்து பார்த்தவர்களுள் ஒருவர் லார்க்கம் கெண்டல். அதே கடிகாரத்தின் படி ஒன்றைச் செய்யும் பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. மூலக்கருவியை மேசைமேல் வைத்துக்கொண்டு ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள் உழைத்து, 1769இல் அதனை முடித்தார். அதற்கு 450 பவுண்டு செலவாயிற்று.

1772இல் இரண்டாம் உலகப்பயணம் புறப்பட்ட கப்பல் தலைவர் ஜேம்ஸ் குக், கெண்டலின் கடிகாரத்தை உடன் எடுத்துச் சென்றார். தென்முனைப் பனிக்கடலையும் வெப்பமண்டலத் தீவுகளையும் கடந்து மூன்றாண்டுகளுக்குப்பின் திரும்பியபோது, அக்கடிகாரத்தின் மீது அவருக்கு முழு நம்பிக்கை பிறந்திருந்தது. ஒருவர் செய்ததை இன்னொருவரும் செய்ய இயலும் என்பது கடலில் மெய்ப்பிக்கப்பட்டது.

விலை மட்டும் தடையாக நின்றது. ஜான் அர்னால்டு, தாமஸ் எர்ன்ஷா என்னும் அடுத்த தலைமுறைக் கலைஞர்கள் அத்தடையை அகற்றினர். அவர்கள் ஹாரிசனின் கருவியை அப்படியே படியெடுக்கவில்லை. அமைப்பை எளிதாக்கி, வேலைகளைப் பல தொழிலாளர்களிடையே பகிர்ந்து, பலர் வாங்கும் விலைக்குக் கொண்டுவந்தனர். இயலாது என்று அறிஞர் பலரும் கருதிய ஒன்று இயலும் என்று காட்டியவர் ஹாரிசன். அதனைத் தொழிலாக வளர்த்தவர்கள் பின்வந்தோர்.

இறுதி ஆண்டுகள்

மறுபாதிப் பரிசுக்காக மேலும் இரண்டு கடிகாரங்கள் செய்யுமாறு முதியவர் பணிக்கப்பட்டார். நான்காம் கடிகாரம் அவரிடம் திருப்பித் தரப்படவில்லை. பார்வை மங்கிய நிலையிலும் மகனின் துணையுடன் ஐந்தாம் கடிகாரத்தை 1770இல் முடித்தார். 1772இல் மன்னர் மூன்றாம் ஜார்ஜ், ரிச்மண்டில் இருந்த தம் வானாய்வகத்தில் அதனைத் தாமே சோதித்தார். பத்து வாரங்களில் அது ஏறத்தாழ நான்கரை நொடிகளே பிழைபட்டது. மன்னரின் துணையுடன் முறையீடு நாடாளுமன்றம் சென்றது. 1773இல் 8,750 பவுண்டு வழங்கப்பட்டது. அது நாடாளுமன்றம் அளித்த நன்கொடையே. 1714ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெரும்பரிசு எவருக்கும் வழங்கப்படவே இல்லை. 1776 மார்ச் 24 அன்று, தம் 83ஆம் அகவையில் ஹாரிசன் இலண்டனில் காலமானார்.

தெரிந்து தெளிவோம்

சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792இல் வானாய்வகம் அமைக்கப்பட்டது. இந்திய நிலஅளவைப் பணிகளுக்கு அதன் தீர்க்கக்கோடு அடிப்படையாக விளங்கியது. இருப்புப்பாதைகள் நாடெங்கும் பரவியபோது, சென்னை நேரமே தொடர்வண்டிகளின் நேரமாக வழங்கியது. 82.5 பாகை கிழக்குத் தீர்க்கக்கோட்டை அடிப்படையாகக் கொண்ட இந்தியத் திட்ட நேரம் 1906 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

துருவிலிருந்து மீண்ட கருவிகள்

ஹாரிசனின் கடற்கடிகாரங்கள் கிரீன்விச் வானாய்வகத்தில் கவனிப்பாரற்றுக் கிடந்தன. தூசும் களிம்பும் படிந்து, இயக்கம் நின்று, முதற்கடிகாரம் அடையாளமே தெரியாதவாறு சிதைந்தது. 1920இல் அவற்றைக் கண்ட ரூபர்ட் கூல்டு என்னும் கடற்படை அதிகாரி, ஊதியம் எதுவுமின்றிச் சீரமைக்க முன்வந்தார். அவர் முறையாகக் கடிகாரத்தொழில் பயின்றவரல்லர். கருவிகளைப் பிரித்து, துடைத்து, ஒவ்வோர் உறுப்பும் ஏன் அவ்வாறு அமைந்தது என்று ஆராய்ந்து, கண்டதையெல்லாம் குறிப்பேடுகளில் எழுதினார். 1933இல் முதற்கடிகாரம் மீண்டும் ஒலித்தது.

இதில் ஒரு பாடம் உண்டு. ஹாரிசனின் கருவிகள் எஞ்சியிருந்தன. கூல்டுக்கு வழிகாட்ட அவற்றின் நுட்பம் அறிந்த கை ஒன்றுகூட எஞ்சவில்லை. ஆசானிடம் சில நாள்களில் கண்டு தெளியக்கூடியதை, இறந்துபோன பொருளிடமிருந்து மீட்க அவருக்குப் பதின்மூன்று ஆண்டுகள் தேவைப்பட்டன.

தொழிலின் இன்றைய தேவை

1969இல் ஜப்பானில் குவார்ட்ஸ் படிகத்தால் இயங்கும் கைக்கடிகாரம் விற்பனைக்கு வந்தது. மின்கலத்தால் இயங்கும் அது துல்லியமாக அமைந்தது; தொடக்கத்தில் விலை மிகுந்திருந்த அவ்வகைக் கடிகாரங்கள் பின்னர் மலிவாயின. சுருள்வில் கடிகாரங்களின் செல்வாக்கு உலகெங்கும் சரிந்தது. இந்தியாவில் 1961 முதல் பெங்களூருவில் எச்.எம்.டி. நிறுவனம் உருவாக்கிய கைக்கடிகாரங்கள், தேர்வில் வென்ற மாணவருக்கும் மணமகனுக்கும் விருப்பமான பரிசாக விளங்கின. 2016இல் அந்நிறுவனத்தின் கடிகாரப் பிரிவை மூட நடுவணரசு முடிவுசெய்தது. மறுபுறம், அப்போது தருமபுரி மாவட்டத்தில் இருந்த ஓசூரில் 1980களில் டைட்டன் தொழிற்சாலை தொடங்கப்பட்டது. பள்ளிப்படிப்பை முடித்த இளைஞர்கள் பலர் அங்குப் பயிற்சி பெற்று, நுண்ணிய வேலைப்பாட்டில் தேர்ந்தனர். கற்பிக்க முறையான ஏற்பாடு இருந்தால், கடிகாரத்தொழில் மரபே இல்லாத ஊரிலும் அது வேரூன்றும் என்பதற்கு அது சான்று.

இன்று நேரம் அறியக் கைப்பேசி போதும். சித்தேரி மலையில் ஒருவர் கைப்பேசி வரைபடத்தைத் திறந்தால், அவர் நிற்கும் இடம் சில நொடிகளில் தெரிந்துவிடுகிறது. செயற்கைக்கோள்களில் உள்ள அணுக்கடிகாரங்கள் அனுப்பும் நேரத்தை ஒப்பிட்டே கைப்பேசி அந்த இடத்தைக் கணக்கிடுகிறது. அக்கடிகாரங்களில் நொடியில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிழை நேர்ந்தால், இடக்கணிப்பில் 300 மீட்டர் பிழை நேரும். நேரத்திலிருந்து இடத்தை அறியும் ஹாரிசனின் வழியே இன்னும் தொடர்கிறது. கருவி மட்டும் மாறியுள்ளது.

அவ்வாறெனில் சுருள்வில்லும் பற்சக்கரமும் கொண்ட பழைய தொழிலை எதற்காகக் கற்க வேண்டும்? நேரம் அறிவதற்கு அது இன்றியமையாதது என்று இனிக் கூற இயலாது. கடிகாரம் பழுதுபார்ப்போரின் வருவாய் குறைந்து, அவர்தம் பிள்ளைகள் வேறு பணி தேடுவதும் இயல்பே. எனினும் நம் நகரங்களின் மணிக்கூண்டுகளில் முட்கள் நின்றுபோனால், அவற்றை மீண்டும் இயக்க இத்தொழில் அறிந்த கையே வேண்டும். அருங்காட்சியகங்களின் பழங்கருவிகளும் தாத்தாவின் கைக்கடிகாரமும் அத்தகைய கைகளையே நம்பியுள்ளன. சுவிட்சர்லாந்தும் பிரான்சும் இணைந்து விண்ணப்பித்ததன் பேரில், இயந்திரக் கடிகாரக் கலையை யுனெஸ்கோ 2020இல் மானுடத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்தது.

மற்றொரு காரணமும் உண்டு. திறந்த காற்றில் அசையும் ஊசல் கடிகாரம் நூறு நாள்களில் ஒரு நொடிக்குமேல் பிழைபடாதவாறு செய்ய இயலும் என்று ஹாரிசன் முதுமையில் எழுதினார். அதனை அக்காலத்தவர் எள்ளி நகையாடினர். அவருடைய கொள்கைகளின்படி இக்காலக் கலைஞர்கள் உருவாக்கிய கடிகாரம் 2015இல் கிரீன்விச்சில் நூறு நாள்கள் சோதிக்கப்பட்டது. அதன் பிழை ஒரு நொடிக்கும் குறைவு. இருநூற்று நாற்பது ஆண்டுகள் கழித்து அவர் கூற்று மெய்யாயிற்று. அதனை மெய்ப்பிக்கத் தேவையான கைத்திறம் அதுவரை அழியாமல் கைமாறி வந்ததே அதற்குக் காரணம். பழைய தொழில் ஒன்றைக் கற்பவர், கடந்தகாலம் இன்னும் சொல்லி முடிக்காத உண்மைகளைக் கேட்கும் தகுதியைப் பெறுகிறார்.

ஹாரிசன் ஆசானின்றிக் கற்றார், மனமின்றிக் கற்பித்தார். கற்பித்த அந்தச் சில நாள்களே அவருடைய உழைப்பைக் கடலெங்கும் கொண்டுசேர்த்தன.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரின் தீர்க்கக்கோட்டை நிலப்படத்தில் கண்டறிந்து, இந்தியத் திட்ட நேரத்திற்கும் ஊரின் கதிரவ நேரத்திற்கும் உள்ள வேறுபாட்டைக் கணக்கிடுக.

2. உங்கள் பகுதியில் கடிகாரம் பழுதுபார்ப்பவர் அல்லது வேறொரு கைத்தொழில் வல்லுநரைச் சந்தித்து, அவர் தொழில் கற்ற முறையையும் அவரிடம் கற்போர் உள்ளனரா என்பதையும் கேட்டறிந்து கட்டுரையாக எழுதுக.

3. ஹாரிசன் தம் கடிகாரத்தின் நுட்பத்தை வெளியிட வேண்டும் என்று குழுவினர் கேட்டது முறையா? இரு அணிகளாகப் பிரிந்து வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.